24 சுருளும் ஒன்றுபோல் வர: கேட்டுக்கான அலங்கார இரும்பு வேலை

தனியாக ஒரு சுருள் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் யாருக்கும் தெரியாது. அதையே கேட்டில் வரிசையாக 24 வைத்தால், 3 மி.மீ. வித்தியாசம்கூடத் தெருவில் போகிறவர் கண்ணில் பட்டுவிடும். வரிசை வேலைக்கு நல்ல கை மட்டும் போதாது. உருப்படிகள் ஒன்றுக்கொன்று மாறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: உலைக்குப் போன இரும்பு ஒரே அளவாக இல்லை, சூடு ஒரே அளவாக இல்லை, அல்லது எங்கே அடியை நிறுத்துவது என்பதைக் கண்மட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். மூன்றையும் சுத்தியலைத் தூக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு கேட் வேலை. 20×6 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) பட்டையில், இரு முனையிலும் மீன்வால் (விசிறிபோல் அகன்று மெலிந்த முனை) விரிந்த, 300 மி.மீ. உயரமுள்ள ‘சி’ சுருள் 24. கூடவே 12 மி.மீ. சதுரக் கம்பியில் இலை 24. வேறு அளவு எடுப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் போடும் விதம் அதேதான்.

இரும்பு வாங்கும்போதே

கடையில் 6 மி.மீ. என்று தரும் பட்டை வெர்னியரில் 5.5 காட்டுவது சகஜம். அரை மி.மீ. தானே என்று விடக்கூடாது. அது 8 சதவீதத்துக்கு மேல் எடைக் குறைவு. அந்தக் கம்பியில் அடித்த மீன்வால் மற்றவற்றைவிட மெலிதாகவோ குட்டையாகவோதான் வரும். 24 சுருளுக்கான முழுக் கம்பியையும் ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் இரு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய இரும்பை உருக்காமல் மறுபடி உருட்டிய கம்பி விலை குறைவுதான். ஆனால் அதில் கார்பன் எங்கே கூடியிருக்கும், எங்கே குறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முனை வெண்ணெயாக வளையும், மறுமுனை தண்ணீர் பட்டதும் கெட்டித்து அடுத்த அடியில் விரிசல் விடும். ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநிலையில் இ250 தரம் கேட்டு வாங்குங்கள். கார்பன் 0.23 சதவீதத்துக்குள் இருக்கும், தண்ணீர் விட்டாலும் சொல்லும்படி கெட்டிப்படாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி எதையும் உலையில் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

வரைபடமும் வெட்டு நீளமும்

சுருளை முழு அளவில், ஒரு இரும்புத் தகட்டின் மேல் மாக்கல்லால் வரையுங்கள். காகிதம் வேண்டாம். சூடான உருப்படியை அதன் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பட்டையின் உள்முகத்தையோ வெளிமுகத்தையோ அல்லாமல் தடிமனின் நடுக்கோட்டை வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் கட்டுக்கம்பியைப் படிய வளைத்து, பிறகு நிமிர்த்தி அளந்தால் நீளம் கிடைத்துவிடும்.

கணக்காகவும் பார்க்கலாம். சுருள், கண்ணில் (நடுவிலுள்ள உள்வட்டம்) 25 மி.மீ. விட்டத்தில் தொடங்கி 110 மி.மீ. விட்டத்தில் முடிகிறது, நடுவில் ஒன்றரைச் சுற்று. சராசரி விட்டம் 67.5. அதை 3.14 ஆலும் 1.5 ஆலும் பெருக்கினால் 318 மி.மீ. இரண்டு பக்கமும் 636. இரு சுருளையும் சேர்க்கும் முதுகு, 300 உயரத்தில் 110 போக 190. ஆக மொத்தம் 826.

ஆனால் வெட்டு நீளம் 826 அல்ல. மீன்வால் அடிக்கும்போது முனை நீளும். முடிந்த மீன்வால் 50 மி.மீ. நீளம், அகலம் 20இலிருந்து 32 வரை, தடிமன் 6இலிருந்து 2 வரை என்று வைத்தால் அதன் கன அளவு 5,000 கன மி.மீ. பட்டையின் குறுக்குப் பரப்பு 120 சதுர மி.மீ. வகுத்தால் 42. அதாவது 42 மி.மீ. பட்டை 50 ஆக நீள்கிறது. முனைக்கு 8, இரண்டுக்கும் 16 குறையுங்கள். 810 வருகிறது. உலையில் செதிலாக உதிர்ந்து போவதற்கு 2 சேர்த்து 812 என்று முதல் துண்டை வெட்டுங்கள். இந்த எண் ஒரு தொடக்கம்தான். ஒரு சுருளை முழுதாகச் செய்து, வரைபடத்தில் வைத்துப் பார்த்து, கூடவோ குறையவோ இருந்தால் திருத்திய பிறகே மற்ற 23ஐ வெட்ட வேண்டும்.

6 மீட்டர் கம்பியில், வெட்டுச் சேதாரம் 3 மி.மீ. போக 7 துண்டு வரும். 4 கம்பி எடுத்தால் 28 துண்டு: 24 வேலைக்கு, 4 மாதிரிக்கும் கருகிப்போவதற்கும். வெட்டும் மெஷினில் டேப் பிடித்து ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். முனை முட்டி நிற்க ஒரு ஆங்கிளை மேசையில் இறுக்கிவிட்டால் 28உம் அரை மி.மீ.க்குள் நிற்கும். வெட்டிய துண்டுகளைத் தராசில் போட்டுப் பாருங்கள். 765 கிராம் சுற்றி வர வேண்டும். 20 கிராமுக்கு மேல் விலகும் துண்டைத் தனியே வையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு துண்டிலும் இரு முனையிலிருந்தும் 42 மி.மீ.இல் ஒரு பஞ்ச் குறி, நட்டநடுவில் ஒன்று. குறியை அகலமான முகத்தில் அல்ல, 6 மி.மீ. ஓரத்தில் போடுங்கள். முகத்தில் போட்டால் அடியில் மறைந்துவிடும். மாக்கல் கோடு உலைக்குள் போனதும் காணாமல் போகும், அதை நம்பிப் பயனில்லை.

உலையும் சூடும்

நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்வது பழைய முறைதான், தவறே இல்லை. ஆனால் நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. காலையில் நிழலில் ஆரஞ்சாகத் தெரிந்த இரும்பு, பிற்பகலில் மேற்கு வெயில் உள்ளே விழும்போது மங்கலாகத் தெரியும். அப்போது கை தானாகவே இன்னும் கொஞ்ச நேரம் உலையில் விட்டுவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு கருகும் துண்டுகள் அதிகமாவதற்கு இதுதான் காரணம், தூக்கக் கலக்கம் அல்ல. உலை இருக்கும் மூலையில் வெயில் விழாமல் தகரமோ படுதாவோ கட்டிவிடுங்கள்.

விரித்து நீட்டும் வேலைக்கு 1,050 முதல் 1,150 டிகிரி, அதாவது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. வளைக்க 900 போதும். இருண்ட சிவப்புக்கு இறங்கிவிட்டால் அடிப்பதை நிறுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் பிடிக்காது. பிடித்தால் உலைக்குத் திருப்பி அனுப்புங்கள். நீலம் பாய்கிற 200 முதல் 350 டிகிரி வரையான சூட்டில் வளைக்கவே கூடாது. எம்.எஸ். அந்தச் சூட்டில் நொறுங்கும் தன்மை அடைகிறது. திருத்துவதானால் சிவக்கச் சூடாக்கித் திருத்துங்கள், இல்லை முழுக்க ஆறவிட்டுத் திருத்துங்கள்.

நிலக்கரி உலையில் காற்றுத் துளைக்கு மேலே கிட்டம் (கரிச் சாம்பல் உருகிச் சேரும் கட்டி) படியப் படியச் சூடு இறங்கிக்கொண்டே வரும். பத்தாவது துண்டுக்கு ஆகும் நேரம் முதல் துண்டைவிட இரட்டிப்பாகும், செதிலும் கூடும். மணிக்கு ஒருமுறை புளோயரை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துக் கிட்டத்தைக் கம்பியால் அப்படியே தூக்கி எடுங்கள். சற்று ஆறினால்தான் அது கட்டியாகக் கிளம்பும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சுடும் சீமைக்கருவேலக் கரியில் கந்தகமும் கிட்டமும் மிகக் குறைவு. பொறி பறக்கும், வேகமாகத் தீரும், அதனால் கூடவே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எரிவாயு உலை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். 300 மி.மீ. நீளம் ஒரே நிறத்தில் சிவக்கும், ஒரு சுருளை ஒரே சூட்டில் இழுத்துவிடலாம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பட்டறைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வேண்டும். உள்ளே ஒட்டும் செராமிக் பஞ்சின் மேல் உலைச் சிமெண்ட் பூசாமல் எரிக்காதீர்கள். அதன் இழைத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

உலையில் எந்நேரமும் மூன்று துண்டுதான்: ஒன்று எடுக்கத் தயாராக, ஒன்று பாதிச் சூட்டில், ஒன்று இப்போது வைத்தது. எடுத்த இடத்தில் புதியதை வைக்காமல் வரிசையாக நகர்த்துங்கள். ஐந்தாறு சொருகிவைத்தால் ஏதாவது ஒன்று மறந்துபோய் மத்தாப்பூவாகப் பொரியும். பொரிந்த முனை செத்த முனை, அதை அடித்துச் சரிப்படுத்த முடியாது. வெட்டி எறிந்தால் நீளம் போயிற்று, ஆகவே அந்தத் துண்டே வரிசையிலிருந்து வெளியே.

மீன்வால்

ஒரு சுருளை முதலிலிருந்து கடைசி வரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது சிலருக்குப் பிடிக்கும். வரிசை வேலைக்கு அது ஆகாது. 48 முனைக்கும் மீன்வால் அடித்து முடியுங்கள், பிறகு 48 முனைக்கும் கண் சுருட்டுங்கள், பிறகு ஜிக் (பட்டையைச் சுற்றி இழுத்துச் சுருளாக்கும் அச்சு). இரண்டு பேர் வேலை செய்தால் துண்டுகளைப் பங்கு போடாதீர்கள், வேலையைப் பங்கு போடுங்கள். மீன்வால் முழுவதும் ஒருவர் கை, ஜிக் முழுவதும் இன்னொருவர் கை. சுத்தியலும் நடுவில் மாறக்கூடாது. இந்தப் பட்டைக்கு 1 கிலோ கிராஸ் பீன் (ஒரு முகம் தட்டை, மறுமுகம் கைப்பிடிக்குக் குறுக்கான ஆப்பு வாய் உள்ள சுத்தியல்) சரியாக இருக்கும்.

முதல் சூடு விரிக்க. முனையிலிருந்து 45 மி.மீ. மட்டும் மஞ்சளாக வர வேண்டும். கிராஸ் பீனின் ஆப்பு வாய் பட்டையின் நீளத்துக்கு இணையாக விழும்படி அடைகல்லின் (இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டை) பக்கவாட்டில் நின்று அடியுங்கள். ஆப்பு வாய் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதற்குக் குறுக்கேதான் இரும்பு ஓடும். குறுக்காகப் பிடித்து அடித்தால் அகலத்துக்குப் பதில் நீளம்தான் கூடும். முதலில் நடுக்கோட்டில் ஒரு வரிசை, பிறகு இடமும் வலமும் விசிறியாக. நடுவிலேயே அடித்துக்கொண்டிருந்தால் முனை நாக்குப் போல் நீண்டுவிடும், ஓரத்திலேயே அடித்தால் நடு பிளந்து விரிசல் வரும்.

இரண்டாவது சூடு சமப்படுத்த. தட்டை முகத்தால் ஆப்புத் தழும்புகளை மழுக்கி, குறியிடத்தில் 6 ஆகத் தொடங்கி முனையில் 2 ஆக இறங்கும்படி தட்டுங்கள். மெலிந்த முனை உலையில் முந்திச் சிவக்கும். அதனால் முனையைத் தீயின் நடுவைத் தாண்டி அப்பால் நீட்டிவைத்து, தடித்த பகுதி நடுவில் இருக்கும்படி பாருங்கள்.

நிறுத்துவது எப்போது? இதற்குத்தான் அளவுத் தகடு. 3 மி.மீ. தகட்டில் இரண்டு வெட்டு: ஒன்று 32.5 அகலம், இன்னொன்று 31.5. முதல் வெட்டில் மீன்வால் நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக்கூடாது. முனைத் தடிமனுக்கு 2.5 மி.மீ. வெட்டு ஒன்று. நீளத்துக்கு அந்தப் பஞ்ச் குறி: குறியிலிருந்து முனை வரை 50. இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் எங்கே பிசகியது என்று உடனே தெரியும். அகலம் சரி, தடிமனும் சரி, நீளம் மட்டும் 46 என்றால் வெட்டிய துண்டே எடை குறைவு, அல்லது முனை கருகி உதிர்ந்திருக்கிறது. நீளம் 54, அகலம் 29 என்றால் ஆப்பு வாய் திரும்பி விழுந்திருக்கிறது. நீளம் 47, அகலம் சரி என்றால் தடிமன் பாக்கி இருக்கிறது, இன்னொரு சூடு கொடுங்கள்.

சூடாக இருக்கும்போது இரும்பு விரிந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. 900 டிகிரியில் ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மி.மீ. கூடும். 50 மி.மீ. மீன்வாலில் அது அரை மி.மீ. தான், பொருட்படுத்த வேண்டாம். 300 மி.மீ. உயரத்தைச் சூடாகவே அளந்தால் மூன்றரை மி.மீ. பிசகும். நீளமான அளவுகளை ஆறிய பிறகே பாருங்கள்.

மூன்றாவது சூடு கண் சுருட்ட. முனையை அடைகல்லின் அந்தப்பக்க விளிம்புக்கு வெளியே 10 மி.மீ. நீட்டி, லேசாகக் கீழ்நோக்கித் தட்டுங்கள். சிறிது வளைந்ததும் மேலே திருப்பி, தன்னை நோக்கித் தட்டித் தட்டி உருட்டுங்கள். அடி விழும் இடத்துக்குக் கீழே அடைகல் இருக்கக்கூடாது, இருந்தால் மீன்வால் நசுங்கித் தட்டையாகும். ஜிக்கின் மூக்கில் அரைச் சுற்று உட்கார்ந்தால் போதும், அதற்கு மேல் சுருட்டாதீர்கள்.

ஜிக்

வரிசை வேலையில் பாதித் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது, ஆகவே ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. 25×8 பட்டையை வரைபடத்துக்கு வளைத்து ஜிக் செய்யலாம். ஜிக்கின் வெளிமுகம்தான் சுருளின் உள்முகம். எனவே நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே ஜிக்கின் வெளிமுகம் வர வேண்டும். நேராக நடுக்கோட்டுக்கே ஜிக் வளைத்துவிட்டால் சுருள் ஒவ்வொன்றும் 6 மி.மீ. பெருத்து வரும். கேட் சட்டத்துக்குள் நுழையாது.

சுற்றுக்குச் சுற்று இடைவெளி போதுமா என்று பாருங்கள். நம் சுருள் ஒரு சுற்றுக்கு 28 மி.மீ. விரிகிறது. ஜிக் 8, சுருள் 6 போனால் 14 மிஞ்சும், தாராளம். இது 3 மி.மீ.க்குக் குறைந்தால் சூடான பட்டை ஜிக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஜிக்கை அடித்தகட்டில் நேராக வெல்டு வைக்கும்போது ஒரு சிக்கல். மீன்வால் 32 அகலம், பட்டை 20. மேலும் கீழும் 6 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கும். அடித்தகடு இருந்தால் மீன்வால் இடித்து, சுருள் முழுவதும் சாய்வாக ஏறும். கண் வரும் இடத்தில் அடித்தகட்டில் 60 மி.மீ. துளை வெட்டிவிட்டால் தீர்ந்தது. ஜிக் முடிகிற இடத்தில், முதுகு தொடங்கும் கோட்டில், ஒரு நிறுத்துக் கட்டை வெல்டு வையுங்கள். அங்கே வந்து முட்டியதும் இழுப்பு முடிந்தது, கண்மட்டத்துக்கு வேலை இல்லை.

இழுக்கும்போது கண்ணை மூக்கில் மாட்டி, குறட்டால் இறுக்கிப் பிடித்து, பட்டையை வெளிப்புறமாக இழுத்தபடியே சுற்றி நடங்கள். தள்ளி வளைக்காதீர்கள். இழுவிசை இருந்தால்தான் பட்டை ஜிக்கை ஒட்டிப் படியும். எங்காவது மூலை போல் முறிந்து வளைந்தால் அந்த இடம் மற்றதைவிடச் சூடாக இருந்திருக்கிறது. நிலக்கரி உலையில் ஒரு சுருளுக்கு இரண்டு மூன்று சூடு தேவைப்படும். ஏற்கெனவே படிந்த பகுதி மறுபடி சிவந்தால் அடுத்த இழுப்பில் அதுவும் நகரும். குவளையில் தண்ணீர் எடுத்து அந்தப் பகுதியில் மட்டும் ஊற்றிவிட்டு இழுங்கள்.

‘சி’ சுருளின் இரண்டாவது முனைக்குப் பட்டையைப் புரட்டிப் போட வேண்டும், மேல் ஓரம் கீழே வரும்படி. அப்போதுதான் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கும். புரட்டாமல் வெறுமனே சுற்றித் திருப்பி மாட்டினால் ‘எஸ்’ வந்துவிடும். முதல் முனை இழுத்ததும் மேல் ஓரத்தில், இனி உலைக்குள் போகாத இடத்தில், மாக்கல்லால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது, கூட்டமாக வேலை ஓடும்போது இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

6 மி.மீ. பட்டையைச் சூடாக்காமலே ஜிக்கில் இழுக்க முடியும், பல பட்டறைகளில் அப்படித்தான் இழுக்கிறார்கள். ஆனால் குளிர்ந்த பட்டை விட்டதும் விரியும், சூடான பட்டை விரியாது. குளிர் இழுப்புக்கு ஜிக்கையே சற்று இறுக்கமாகச் செய்ய வேண்டும். ஒரே ஜிக்கில் சிலதைச் சூடாகவும் சிலதைக் குளிர்ந்தும் இழுத்தால் இரண்டு சாதிச் சுருள் கிடைக்கும், அவற்றை எந்தக் கவைக்கோலாலும் (பட்டையைக் கவ்வி நெம்பி வளைக்கும் கவை முனைக் கோல்) ஒன்றாக்க முடியாது.

முதலில் சரியாக வந்த சுருளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு புதுச் சுருளையும் அதன் மேல் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், சற்று முன் செய்த சுருளோடு அல்ல. முந்தையதோடு மட்டும் ஒப்பிட்டால் தலைக்கு அரை மி.மீ. நகர்ந்து, ஒவ்வொன்றும் சரிபோலவே தெரிந்து, இருபதாவது சுருள் 10 மி.மீ. தள்ளிப் போயிருக்கும்.

இலை

60 மி.மீ. நீளம், 30 அகலம், 2.7 தடிமன் உள்ள இலைக்கு 12 மி.மீ. சதுரக் கம்பியில் 22 மி.மீ. போதும். 8 மி.மீ. உருண்டைக் காம்பு 120 நீளத்துக்கு இன்னொரு 42. துண்டு துண்டாக வெட்டாமல் 1 மீட்டர் கம்பியின் முனையிலேயே அடித்து, முடிந்ததும் வெட்டுங்கள். குறடு தேவையில்லை, பிடி நழுவாது.

முனையிலிருந்து 22 மி.மீ.இல், கம்பியின் மூலையில் உளியால் ஒரு வெட்டுக் குறி. பிறகு முனையைக் குட்டையாகக் கூராக்குங்கள். ஊசிக் கூர் வேண்டாம், அது விரிக்கும்போது கருகும். அடுத்தது கழுத்து. 12 மி.மீ. உருண்டைக் கம்பி இரண்டை ஸ்பிரிங் பட்டையில் எதிரெதிராக வெல்டு வைத்த கருவி ஒன்றை அடைகல்லின் சதுரத் துளையில் மாட்டுங்கள். இரண்டு கம்பிக்கும் நடுவில் 6 மி.மீ. நிறுத்துக் கட்டை இருந்தால், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கழுத்து 6க்குக் கீழே போகாது. குறியில் வைத்து, அடிக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பி அடியுங்கள். திருப்பாமல் அடித்தால் கழுத்து கத்திபோல் தட்டையாகி, பின்னால் இலையை வளைக்கும்போது அங்கேதான் ஒடியும்.

காம்பை முதலில் இழுத்துவிட்டு, இலையைக் கடைசியில் விரியுங்கள். மாற்றிச் செய்தால் காம்புக்கு வைக்கும் சூட்டில் மெல்லிய இலை எரிந்துபோகும். காம்பைச் சதுரமாகவே 8க்கு இழுத்து, பிறகு எண்கோணம், பிறகு உருண்டை. நேராக உருண்டையாக இழுக்கப் பார்த்தால் நடு பிளக்கும்.

இலை விரிப்பதும் மீன்வால் போலத்தான், ஆனால் 2.7 மி.மீ. தடிமனில் சூடு சட்டென்று இறங்கும். அடைகல் குளிர்ந்திருந்தால் இன்னும் வேகமாக உறிஞ்சும். காலையில் முதல் வேலையாக ஒரு கனத்த இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி அடைகல் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் முதல் இலையும் பத்தாவது இலையும் ஒரே மாதிரி ஓடும். நரம்புக் கோட்டுக்கு உளியின் வாயை மழுக்கிக்கொள்ளுங்கள். கூர் உளி வெட்டிவிடும். நடு நரம்பு முதலில், பக்க நரம்புகள் அடுத்து, எல்லாம் ஒரே சூட்டில்.

இலைக்கு முன் முகம், பின் முகம் உண்டு. சுருள்போல் புரட்டிப் பயன்படுத்த முடியாது. கேட்டின் இரண்டு கதவுக்கும் எதிரெதிர் வளைவு வேண்டுமானால் 12 இடக்கை, 12 வலக்கை என்று தனித்தனிப் பெட்டியில் எண்ணிப் போடுங்கள்.

கேட்டில் முறுக்குக் கம்பியும் வருமானால் ஒரு வார்த்தை: 12 மி.மீ. சதுரக் கம்பியைக் குளிர்ந்தபடியே முறுக்குவதுதான் சீராக வரும். சூட்டில் முறுக்கினால் எங்கே அதிகம் சிவந்ததோ அங்கே மட்டும் நெருக்கமாக விழும். முறுக்கினால் கம்பி சற்றுக் குறுகும், ஆகவே முறுக்கிய பிறகே கடைசி நீளத்துக்கு வெட்டுங்கள்.

பொறுக்கி அடுக்குதல்

24 சுருளும் ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் தட்டையான தகட்டில் வைத்துச் சாய்வைத் தட்டி எடுங்கள். பிறகு வரைபடத்தின் மேல் வைத்துக் கவைக்கோலால் திருத்துங்கள். திருத்தம் எப்போதும் கண்ணிலிருந்து வெளியே போக வேண்டும். வெளிச்சுற்றை முதலில் சரிசெய்துவிட்டு உள்ளே கைவைத்தால் வெளிச்சுற்று மறுபடி நகரும்.

அடுத்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து ஒரு முறையும் பக்கத்திலிருந்து ஒரு முறையும் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது தப்பியது அடுக்கில் துருத்திக்கொண்டு தெரியும். இவ்வளவு செய்தும் 2 மி.மீ. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க ஒரு தந்திரம் உண்டு: சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, பக்கத்துப் பக்கத்து எண்களை கேட்டிலும் பக்கத்தில் வையுங்கள். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் கேட்டின் இரு கோடிக்குப் போய்விடும், கண் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது.

இணைப்பும் பூச்சும்

முதுகோடு முதுகு சேரும் இரண்டு சுருளைக் கட்டு வளையத்தால் பிடிப்பது பார்க்கவும் நன்று, வெல்டிங் இழுப்பும் இல்லை. இரண்டு பட்டையும் சேர்ந்தால் 12×20, சுற்றளவு 64. வளையத்துக்கு 12×5 பட்டை எடுத்தால் தடிமனை இருமடங்காகச் சேர்த்து 74 மி.மீ. வெட்டுங்கள். ஒன்றைப் போட்டுப் பார்த்து அரை மி.மீ. கூட்டியோ குறைத்தோ மற்றதை வெட்டலாம். முதலில் ‘யு’ வடிவில் வளைத்துவைத்து, ஆரஞ்சுச் சூட்டில் மாட்டி மூடினால் ஆறும்போது சுருங்கி இறுகிக்கொள்ளும். மூட்டு பின்பக்கம் வரட்டும்.

சட்டத்தோடு வெல்டு வைக்கும் இடங்களில் எல்லாச் சுருளையும் முதலில் புள்ளி வெல்டில் நிறுத்துங்கள். அதுவும் ஒரு கோடியிலிருந்து வரிசையாக அல்ல, இந்தக் கோடி ஒன்று, அந்தக் கோடி ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி. வரிசையாக முழு வெல்டு போட்டுக்கொண்டே போனால் சட்டம் வில்லாக வளையும், அவ்வளவு நேரம் பிடித்துச் சமன்செய்த இடைவெளி எல்லாம் போய்விடும்.

உலைச் செதிலின் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் செதிலோடு சேர்ந்து உரிந்துவிடும். சூடு இறங்கும்போதே, இருண்ட சிவப்பில், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பாதிச் செதில் சுலபமாகப் போகும். மீதியைக் கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி எடுங்கள். ஆசிட்டில் ஊறவைப்பவர்கள் வெளியே எடுத்ததும் சோடா கரைசலில் கழுவி, வெந்நீர் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் துடைத்துக் காயவிட வேண்டும். சுருளின் கண்ணுக்குள் ஆசிட் தங்கினால் பிரைமருக்கு அடியிலிருந்து துரு கிளம்பும். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, முதல் கையைக் கண்ணுக்குள்ளும் மீன்வாலின் மடிப்பிலும் சின்ன பிரஷ்ஷால் தடவிவிட்டு மற்ற இடங்களுக்கு ஸ்பிரே. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் கட்டு வளையத்துக்குள் நீர் இறங்காமல், வளையம் மாட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் செதிலைச் சுரண்டிவிட்டு, மாட்டி ஆறிய பிறகு விளிம்பு நெடுகப் பெயின்ட் செய்யக்கூடிய சீலன்ட் இழுத்துவிடுங்கள்.